எண்ணூற்றுப் பதினோரு நாள்

காட்பாடி ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், விசா பாரம் நிரப்பித் தரப்படும்.
ஷாஹீன் என்கிற பெண்
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்
தக்காளி விலை கேட்பதுபோலக் கேட்கிறாள்:
"எந்த நாட்டிலயாவது அனுமதிக்கு மேல தங்கியிருக்கீங்களாண்ணா?"

மின்விசிறி ஒரு சுற்று சுற்றுகிறது.
பின்னால் வரிசையில் ஆறு பேர்.
பர்ஸில் போட்டோ தேடிக்கொண்டிருந்தவன்
தேடுவதை நிறுத்திவிட்டான்.

"இல்லைன்னு போடு" என்றிருந்தான் ஏஜென்ட் துளசிங்கம்
நேற்று டீக்கடையில், பிஸ்கட்டை நனைத்துக்கொண்டு.
"புது பாஸ்போர்ட்டு. முத்திரையே கிடையாது.
ஓமான்காரன் கம்ப்யூட்டரும் போலந்துக்காரன் கம்ப்யூட்டரும்
ஒக்காந்து பேசிக்கவா போவுது?"
பிஸ்கட் உடைந்து கிளாஸுக்குள் விழுந்தது.
விரலை விட்டு எடுத்துத் தின்றான்.

பேசிக்கொள்ளும் என்றுதான் தோன்றுகிறது எனக்கு.
பொதுமன்னிப்பில் கிளம்பிய அன்று
மஸ்கட் விமான நிலையத்தில்
பத்து விரலையும் கேட்டு வாங்கினார்கள்.
கண்ணாடிமேல் வை, அழுத்து, எடு.
அபராதம் இல்லை, போ.

வந்து ஆறு வருஷம்
பேர்ணாம்பட்டுத் தோல் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில்.
ஆட்டுத்தோலுக்கு மயிர் கழன்றாற்போல
எனக்கு ரேகை கழன்றது.
ரேஷன் கடை எந்திரம் என்னை நம்புவதில்லை.
ஏசுபாதமா, அப்படி யாரும் இல்லையே என்று
சிவப்பு விளக்கு காட்டும்.
எஸ்தர் கட்டைவிரல் வைத்தால்தான் அரிசி.

நீரில்லா ஆறு, மன்னனில்லாக் கோட்டை,
சாமியில்லாக் கோயில் என்று
விரல் மடக்கி எண்ணுவார்கள் எங்கள் வேலூரை.
ரேகையில்லா விரல் என்று
மடக்க இன்னொன்று தரலாம் நான்.

சாமி பிற்பாடு வந்துவிட்டார்.
எத்தனையோ தலைமுறை சத்துவாச்சாரியில் இருந்துவிட்டு
எண்பத்தொன்றில் கோட்டைக்குள் திரும்பினார்.
கூடுதலாகத் தங்கியது ஏன் என்று
அவரிடம் யாரும் தாள் நீட்டவில்லை.

"அண்ணா?"

ஆமாம் என்று போட்டால் இன்னொரு கட்டம் திறக்குமாம்.
காரணம். இருநூறு எழுத்துக்குள்.

கம்பெனி மூடிவிட்டது என்று எழுதலாம். மூடியது நிஜம்.
கஃபீல் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டான். அதுவும் நிஜம்,
ஏழு மாசம் வரைக்கும்.
பிறகு பெட்ரோல் பங்க்கில் பார்த்து
அவனே கையில் கொடுத்துவிட்டுப் போனான்,
ஒரு மோர் பாக்கெட்டும் சேர்த்து.
அதற்கப்புறமும் இருந்தேனே,
அது எத்தனை எழுத்து?

விசா முடிந்தது ஒரு வியாழக்கிழமை.
வெள்ளிக்கிழமை ஒன்றும் மாறவில்லை.
அறையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது.
நத்தர்ஷா வழக்கம்போல என் சோப்பைப் போட்டுக் குளித்தான்.
சனிக்கிழமை ஒருவன் பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டான்.
போனேன்.

போலீஸ் வண்டி தெரிந்தால் மட்டும்
மீன் கடைக்குள் நுழைந்து விலை கேட்பேன்.
இரண்டு வருஷத்துக்கு மேல்
ருவி பஜாரில் எல்லா மீனின் விலையும் எனக்குத் தெரியும்.
ஒன்றுகூட வாங்கியதில்லை.

"ஆமாம்னு போடும்மா."
வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.
"எத்தனை நாள்ணா?"
"எண்ணூத்திப் பதினொண்ணு."
"காரணம்?"
"இங்கிலீஷ்ல எழுதணுமே."
"நீங்க தமிழ்லயே சொல்லுங்க. நான் சுருக்கிக்கிறேன்."

சொல்ல ஆரம்பித்தேன்,
எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
மீன் கடையிலிருந்து.
கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால்
அவள் கை கீபோர்டில் இல்லை.
போட்டோவைக் கையில் பிடித்தபடி
பின்னாலிருந்தவன் கேட்டான்:
"வஞ்சிரம் அங்க என்ன விலைண்ணா?"