ஏழு மீட்டர்

மசோதா வந்த வெள்ளிக்கிழமை
பெரிய அறையில் இரண்டு வாளி வைத்திருந்தோம்.
ஒன்று சத்துணவுக் கூடத்துடையது,
ஒன்று ஜெயசீலி தன் வீட்டிலிருந்து எடுத்துவந்தது.
நடுவே உட்கார்ந்து
ஏழாம் வாய்ப்பாடு எழுதினார்கள் பிள்ளைகள்.

இதுவரை தலைக்கு இவ்வளவு என்றுதான் பணம்.
எங்களிடம் பதினோரு தலை.
பதினோரு பேர்தானே என்று
சேரம்பாடியில் மழை குறைத்தா பெய்யும்?
நானூறு பேர் படிக்கும் பள்ளியில் உடைந்தாலும்
ஓட்டுக்கு அதே விலை;
எங்களுக்கு ஜீப் வாடகை வேறு.
போன வருட மானியத்தில்
சாக்பீஸ், பதிவேடு, துடைப்பம், கதவுக்கொரு தாழ்ப்பாள்
போக மிச்சம் நாற்பத்திரண்டு ரூபாய்.
திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது.
கட்டிவிட்டு வர ஜீப்புக்கு அறுபது.

புதிய மசோதா நல்ல மசோதா.
கேலியாகச் சொல்லவில்லை.
மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து யாரோ
எங்களையும் நினைத்திருக்கிறார்.
பிரிவு ஒன்பது, உட்பிரிவு இரண்டு:
மலைப்பள்ளிகளுக்கு, மாணவர் எண்ணிக்கை பாராமல்,
கட்டடத்துக்கென ஓர் அடிப்படைத் தொகை.
இரண்டு முறை சத்தமாக வாசித்தேன்.
கிதியோன் கைதட்டினான்.
அவன் எதற்கும் கைதட்டுவான்.

அப்புறம்தான் விளக்கம் பார்த்தேன்.
மலைப்பள்ளி என்பது
கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குக் குறையாத உயரத்தில்
அமைந்துள்ள பள்ளி.

கொடிக்கம்பத்தடியில் போனைப் பிடித்தேன்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று.
நாற்காலி போட்டு ஏறினேன்.
தொண்ணூற்று நான்கு.
"தண்ணித் தொட்டி மேல ஏறட்டா டீச்சர்?"
என்றாள் நிரோஷினி.
அவள் வீட்டுக்கு அளவைகள் புதிதில்லை:
கப்பலுக்கு இத்தனை பேர்,
லைனில் இத்தனை அடி,
நாளைக்கு இத்தனை கிலோ இலை.

புதன்கிழமை ஒரு மணி நேரம் மழை விட்டது.
ஆயிரத்தைத் தேடி
வரிசையாகப் போனோம்.
லைன் முடிகிற இடம், தொண்ணூற்று ஐந்து.
இலை எடை போடும் கொட்டகை, தொண்ணூற்று ஏழு.
மாரியம்மன் கோயில் படியில்
ஒருவேளை இங்கேயோ என்று நினைத்தோம்,
அம்மனும் ஒரு மீட்டர் கீழேதான் இருந்தாள்.
தார்ச்சாலை வளைவில்,
இங்கிலீஷ் பள்ளியின் மஞ்சள் பஸ் திரும்பும் இடத்தில்
இருந்தது ஆயிரம்.

சாக்பீஸால் சாலையில் கோடு போட்டோம்
(மானியத்தில் வாங்கிய சாக்பீஸ், கணக்கில் எழுத வேண்டும்).
செம்பன் கோட்டின் இருபுறமும்
காலை அகட்டி வைத்து நின்றான்.
"இந்தக் கால் மலை. இந்தக் கால் மலையில்ல."
இரண்டு காலிலும் அட்டை.

கருத்துச் சொல்லக் கடைசி நாள் முப்பது.
ஐயா என்று தொடங்கி எழுதினேன்.
எண்ணில் ஏழைக் குறைக்க வேண்டுகிறேன்.
அல்லது பள்ளியை ஏழு மீட்டர் தூக்கி வைக்க
நிதி ஒதுக்க வேண்டுகிறேன்.
இரண்டாம் வரியை அடித்தேன்.
இருக்கட்டும் டீச்சர் என்றாள் ஜெயசீலி,
வாங்கி, அடித்ததற்கு மேலேயே மறுபடி எழுதினாள்
அவளுடைய பெரிய எழுத்தில்.

கீழே சேர்த்தேன்:
உயரம்தான் அளவு என்றால் நாங்கள் மலையில்லை.
மழையை அளந்தால் மலை.
ஜெயசீலி வாளி பதினைந்து லிட்டர்,
நேற்று ஒன்பதரையிலிருந்து மூன்று வரை
நான்கு முறை கொட்டினோம்.
இணைப்பு: வாளிப் பதிவேடு, நகல் ஒன்று.

சட்டசபையில் எப்போது எடுப்பார்களோ.
பாதி நிறைந்ததும் வாளியின் சத்தம் மாறும்,
டங் போய் ப்ளக்.
பக்கத்தில் யார் இருக்கிறார்களோ
அவர் எழுந்து கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார்.
இதுவரை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
இப்போது மட்டும் ஒரு புது விதி,
வந்து உட்காருமுன்
பதிவேட்டில் ஒரு கோடு.