ஆறு பாயிண்ட்

ஸ்டாண்டுப் பலகையில் எழுதியிருக்கும்:
தூண்பாறை, பைன் காடு, பசுமைப் பள்ளத்தாக்கு,
கோக்கர்ஸ் நடை, குறிஞ்சியாண்டவர், வெள்ளி அருவி.
ஆறு பாயிண்ட், இரண்டாயிரத்து இருநூறு.
மஞ்சு மூடினால் பணம் வாபஸ் இல்லை.

மதலேனம்மா அந்தக் கடைசி வரிவரை படித்தார்.
எழுபது வயதிருக்கும். கழுத்தில் பைனாகுலர்,
காலில் ஏற்கெனவே எங்கோ மிதித்த சேறு.
"இது வேண்டாம்" என்றார்,
புதுச்சேரியில் கற்ற தமிழில்
ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியே கீழே வைத்து.
"பழைய கல். பக்கத்தில் தண்ணீர். உண்டா?"

பதினாலு வருஷமாக ஜீப் ஓட்டுகிறேன்.
பழைய கல் கேட்டு ஒருவரும் ஏறியதில்லை.

பேத்துப்பாறைக்கு விட்டேன்.
பெருமாள்மலை முக்கில் மலைவாழைக்காரி கண்ணாடியைத் தட்ட
நாலு பழம் வாங்கி எனக்கு மூன்று தந்தார்.
பேர் கேட்டார். லூர்து என்றேன்.
அது எங்கள் நாட்டில் ஓர் ஊர், ஆற்றங்கரை ஊர் என்றார்.
போயிருக்கிறீர்களா?
"இல்லை. கூட்டம்."

காப்பித் தோட்டத்துக்கு மேலே, சரிவில்,
மூன்று பலகைக்கல் நிறுத்தி ஒரு கல் மூடியது.
குள்ளர் வீடு என்போம்.
யாரோ அளக்க வந்தவர்கள் அடித்த மஞ்சள் எண்
பதினேழா பதினொன்றா தெரியாமல் உதிர்ந்திருந்தது.
உள்ளே சினையாடு ஒன்று அசைபோட்டபடி
எங்களை அசலூர்க்காரர்களாகப் பார்த்தது.

அம்மா குனிந்தார். சிரிக்க ஆரம்பித்தவர்
கல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிறுத்தினார்.
அவர் ஊரிலும் உண்டாம் இதே மாதிரி,
ஆற்றுக்கு மேலே மேட்டில், வால்நட் மரத்தடியில்.
அவர் அப்பா அதற்குள் வைக்கோல் அடைத்தாராம்.
இப்போது சுற்றிலும் கம்பி, நாலு யூரோ டிக்கெட்.
பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்
கோட்டை, மாதாகோயில், பாலம், படகு என்று
விரல் மடக்கிப் பார்த்துவிட்டு
மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடுகிறார்களாம்.
அங்கேயும் ஆறு பாயிண்டா என்றேன்.
"ஒன்பது" என்றார்.

ஆட்டுக்காரப் பையன் எங்கிருந்தோ முளைத்தான்.
போட்டோவுக்கு இருபது ரூபாய்.
கல்லுக்கா, ஆட்டுக்கா?
"கல்லு கவர்மெண்டு. ஆடு எங்களது."
கொடுத்தார்.

அஞ்சு வீட்டுக்குக் கீழே தண்ணீர்ச் சத்தம்.
அம்மா வீட்டுப் படியில் இறங்குகிறவர் மாதிரி இறங்க
பின்னால் நான் வேர் வேராகப் பிடித்து.
"இதற்கு என்ன பெயர்?"

மேலே பாலம் இருக்கிறது. இரண்டாவது கியர்.
மழைக்காலத்தில் ஒரு ஹாரன் கூடுதல்.
அவ்வளவுதான் இதோடு எனக்குப் பழக்கம்.
பெயரைக் கேட்டு வைக்கவில்லை.

வெயிட்டிங் மணிக்கு நூற்றைம்பது என்று
சொல்ல வாயெடுத்தவன்
செருப்பைக் கழற்றினேன்.
தண்ணீர் கணுக்காலைக் கவ்வியது, பிறகு விட்டது.
மேலே எங்கோ காப்பிப்பழம் கழுவுகிறார்கள்.
தோல்கள் வந்தன, சிவப்பாய், ஒன்றிரண்டாய்,
ஒரு சுழியில் நின்று
போவதா வேண்டாமா என்று சுற்றி
பிறகு சட்டென்று கீழ்நாட்டுக்கு.
அம்மா பைனாகுலரைத் தொடவே இல்லை.
நான் போனை எடுக்கவில்லை;
தவணைக்காரன் இரண்டு முறை அழைத்திருக்கிறான்.
விரலிடுக்கில் ஏறிய அட்டை
குடித்து முடித்துத் தானே உருண்டபோதுதான்
மணி மூன்றரை.

இரவு ஸ்டாண்டில் சூசைமரியான் சீட்டை நீட்டினார்.
வண்டி எண். டீசல்.
கிலோமீட்டர் முப்பத்தெட்டு, அதுவும் கணக்குக்குச் சரி.
பார்த்த இடங்கள் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
எண்ணால் போடாமல்
எழுத்தாலேயே எழுதினேன்:
ஆறு.

டிக் அடித்தார்.
செருப்புக்குள் அட்டைக்கடி
இன்னும் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது.