ஒரே சரிவு

மோன்ஃபோர்ட்டேயில், ரயில் நிலையத்துக்கு எதிரே
எர்மினியோவின் கடை.
மழை விடாத செவ்வாய்க்கிழமை.
பட்டியலின் கடைசி வரியைக் காட்டினேன்.
"அதுவா?" என்றான்.
"அந்தக் காசுக்கு
உன் படகுக்கு அரைநாள் டீசல் அடிக்கலாமே."
திற, என்றேன்.

வெளிர் சிவப்பு.
கிண்ணத்துக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால்
மரண அறிவிப்புகள்வரை வாசிக்க முடிந்தது.
"தண்ணி கலந்தமாதிரி இருக்கு பார்."
நான் பார்க்கவில்லை.
முகர்ந்துகொண்டிருந்தேன்.

சீல் ஆற்றுக்கு மேலே
தெற்கு பார்த்த சரிவு அது. பதினொரு படிகள்.
ஏழாவது படியின் சுவர் நான் அடுக்கியது,
இரண்டு பிப்ரவரி, காரை இல்லாமல்,
கல்லைக் கல்லே தாங்கும்படி.
பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு
இரவில் கொடிகளுக்குத் திருப்பித் தரும்
கரிய சிலேட்டுக் கல்.
இப்போது எல்லாம் டோசிந்தாவுடையது.
பிரிந்தபோது எழுதிக்கொண்டோம்:
சரிவு அவளுக்கு, படகு எனக்கு.
நாய் இருவரையும் பார்த்துவிட்டு
அக்கரைக்காரன் ஒருவனோடு போய்விட்டது.

முன்பெல்லாம் அந்தத் திராட்சையும்
ஊர்த் தொட்டிக்குத்தான் போகும்.
பள்ளத்துப் பழம், நிழல் பக்கத்துப் பழம்,
மழைக்குப் பயந்து முந்திப் பறித்த பழம்.
நல்ல ஒயின்தான், குறை சொல்லமாட்டேன்.
கல்யாண விருந்தில் எல்லோரும்
ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி.
யார் என்ன சொன்னார்கள் என்று
விடிந்தால் யாருக்கும் நினைவிருக்காது.

இதில் ஒருத்தி மட்டும் பேசுகிறாள்.
அதுவும் தாழ்ந்த குரலில்.
முதலில் புளிச்செர்ரி.
அப்புறம் கல், முதல் தூறல் விழுந்த கல்.
அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அவசரப்படுத்தினால் எழுந்து போய்விடுவாள்,
தெரியும்.
காத்திருந்தேன்.
இந்தப் பழக்கம் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.
அரைமணி கழித்து, நாவின் ஓரத்தில்
மிளகு. ஒரே ஒரு மிளகு.
விழுங்கிய பிறகும் போகாத துவர்ப்பு,
சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தி
கதவுப் பிடியில் கைவைத்து நிற்பதுபோல.

ஏழாவது படியைத் தேடினேன்.
வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் சுவரைத் தேடினேன்.
இருந்திருக்கலாம்.
ஒயினுக்குக் கொத்தனாரைத் தெரியாது.

எர்மினியோவுக்கும் ஒரு வாய் ஊற்றினேன்.
குடித்தான். மேசையைத் துடைத்தான்,
ஏற்கெனவே துடைத்த மேசை.
"இன்னும் கொஞ்சம்," என்றான்.

செப்டம்பரில், எப்போதும்போல்,
பெட்டிகள் படித்துறைக்கு இறங்கின.
ஆற்றைவிட்டுப் பனி இன்னும் எழவில்லை.
நாற்பத்திமூன்று பெட்டி.
முப்பத்தொன்பதுக்குக் கூலி சொன்னேன்.
பிசுபிசுத்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
நாற்பத்திமூன்றுக்கு எண்ணி வைத்தாள் டோசிந்தா,
சில்லறை உட்பட.

"உன் ஒயின் எப்படி வருகிறது?"
குடித்தே அறியாதவன்போலக் கேட்டேன்.
"மெலிசு," என்றாள்.
"எல்லோருக்கும் பிடிக்காது."

எஞ்சினைக் கிளப்பினேன்.
நடு ஆற்றில்தான் பார்த்தேன்,
அடிப்பெட்டியில் நசுங்கிய ஏதோ ஒரு குலையின் சாறு
வெள்ளைப் பலகைமேல்
மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தது.
வாளி பக்கத்தில்தான் இருந்தது.
கழுவவில்லை.