தள்ளு

மாதத்தின் முதல் வெள்ளி. மகரிப் முடிந்து
மீராசாவின் மளிகைக்கடைக்குப் பின்னால்
அரிசி மூட்டைகள்மேல் இருபது பேர்.
ருவியில் இருட்டிய பிறகும் நாற்பது டிகிரி.
ஆளுக்கு இருபத்தைந்து ரியால், மொத்தம் ஐந்நூறு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
அவசரம் எவனுக்கு அதிகமோ அவன் அதிகம் தள்ளிக் கேட்பான்.
அவன் தள்ளியது எல்லோருக்கும் பங்கு.
அவசரமில்லாதவன் வாய் திறக்காமல் இருந்தால் போதும்.
சும்மா இருப்பதற்கு இங்கே கூலி உண்டு.

இந்த மாதம் நான் சும்மா இருக்கிறேன்.

நோட்டில் எல்லாம் இருக்கிறது.
சம்பளம் நூற்று அறுபது. கட்டில் வாடகை முப்பது.
மெஸ் இருபத்தெட்டு, போன் நான்கு, சீட்டு இருபத்தைந்து,
ஊருக்கு அறுபது.
மீதிப் பதின்மூன்றில் ஒன்பதைக் கடைவாய்ப் பல் தின்றது;
அடைக்க முப்பத்தைந்து, பிடுங்க ஒன்பது என்றார்கள்.
மார்ச்சில் கம்பெனி பதினோரு பேரை அனுப்பிய அன்று
‘ஒருவேளை’ என்று ஒரு தலைப்புப் போட்டேன்.
அதற்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

போன வாரம் ரூபாய் விழுந்தது.
எக்ஸ்சேஞ்ச் வாசலில் தெருமுனை வரை வரிசை,
வரிசை முழுக்கச் சிரிப்பு.
ஊர்க்காசு சரியச் சரிய எங்களுக்குக் கொண்டாட்டம்.
எண்ணெய் விலை ஏறியதை மனைவி போனில் சொன்னபோது
சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பகலில் கடலோர வில்லாக்களில் ஏசி சர்வீஸ்.
ஒரு வில்லாவில் ஜூன் முதல் ஆளில்லை.
தோல் சோபா வெடித்துவிடக் கூடாதென்று
எல்லா அறையிலும் இரவும் பகலும் இருபத்திரண்டு.
பியானோவுக்குத் தனி அறை. அதற்கு மட்டும் இருபது.
ஃபில்டரைத் தட்டிவிட்டு அதன் பக்கத்தில்
கொஞ்ச நேரம் நின்றுகொண்டேன்.
எங்கள் அறையில் ஏசி இரவு பத்துக்குத்தான்.

“ஆரம்பிக்கலாமாப்பா” என்றார் மீராசா.

குருபரன் நாற்பது என்றான். அவன் விசா முடிந்து
அபராதம் தூங்காமல் ஏறிக்கொண்டிருக்கிறது.
சகாயதாஸ் எழுபது என்றான். நான்கு மாதச் சம்பளம் பாக்கி;
திசையன்விளையில் அவன் மனைவியின் சங்கிலி
திங்கட்கிழமை ஏலத்துக்கு வருகிறது.
அந்த ஏலத்தை நிறுத்த இந்த ஏலம்.
இருவரும் ஒரே அறை, மேல் கட்டில் கீழ் கட்டில்.
ஒருவரையொருவர் பார்க்காமல் கேட்டார்கள்,
மூட்டையில் அச்சடித்த மயிலைப் பார்த்துக் கேட்டார்கள்.

நூறு.
நூற்றுப் பத்து.
எனக்குள் ஒருவன் வகுத்துக்கொண்டே வந்தான்:
மீராசா கமிஷன் இருபது போக, ஆளுக்கு நாலரை.
நூற்று முப்பது, ஐந்தரை.
குருபரன் இன்னும் ஒரு தடவை கேட்கட்டும் என்று நினைத்தேன்.
நினைத்தேன்தான். வரவிலும் எழுதவில்லை, செலவிலும் எழுதவில்லை.

கேட்கவில்லை அவன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.
அது தெரியாமல் சகாயதாஸ்
தன்னைத் தானே வென்று, நூற்று நாற்பது என்றான்.

ஒரு தரம். ரெண்டு தரம்.
மீராசா மூன்றாவதை மெதுவாகச் சொன்னார்.

முந்நூற்று அறுபது சகாயதாஸ் கையில்.
எனக்கு ஆறு ரியால். ஆறையும் மூன்று முறை எண்ணினேன்.
தள்ளியவனுக்கும் பங்குண்டு, சீட்டின் சட்டம் அது:
அவன் விட்ட நூற்று நாற்பதிலிருந்து
ஆறு ரியால் அவனுக்கே திரும்பி வந்தது.
பல்புக்கு நேரே தூக்கிப் பார்த்துத் தனியாக மடித்தான்.

“எல்லாருக்கும் டீ சொல்லட்டுமா?” என்றான்.

ஒருவரும் வேண்டாமென்று சொல்லவில்லை.