நிகர எடை

எடைமேடைக் கூண்டுக்குள்
லோரிக்கும் லோரிக்கும் இடையில்தான் படிக்கிறேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், கெட்டி அட்டை.
அட்டையில் டாங்கி, எங்கள் சிலிம் ரிவர்ச் சாலையில்.

ஞாயிறு மலருக்கு முந்நூறு சொல்லில் மதிப்புரை.
சுகந்தமாலினி நேற்றே கேட்டுவிட்டாள்.

நல்ல புத்தகம். அதை முதலில் எழுதினேன்.
எந்தப் பாலம் வெடிக்காமல் நின்றது,
எந்தப் பட்டாளம் தூக்கத்தில் மாட்டியது,
எத்தனை மணிக்கு எத்தனை குண்டு,
ஆசிரியருக்குக் கணக்கு பிசகவில்லை.

பொருளகராதியில் விரலை ஓட்டினேன்.
'ரப்பர்' இருக்கிறது: படைகளுக்கு மறைவு,
பார்வை எட்டுவது முப்பது கஜம்.
'கூலிகள்', பார்க்க: போக்குவரத்து.
பார்த்தேன்.
மாட்டுவண்டிக்கும் லோரிக்கும் நடுவே ஒரு வரி.

வரைபடத்தில் பச்சைக் கோடுகள்.
நேர்வரிசையில் மரம் தானாகவா முளைக்கும்?

அப்புறம் இது.
டாங்கிகள் வந்தது விடியுமுன் என்கிறார்.
பெரட்டுக்குக் கிளம்பும் நேரம் அது.
அன்றைக்குப் பெயர் கூப்பிட்டார்களா?
செக்ரோலில் கிராணி என்ன போட்டார்,
வந்தாள் என்றா, வரவில்லை என்றா?
வாளியும் கையுமாகச் சாலையோரம் வந்தவள்
எந்தப் பக்கம் ஒதுங்கினாள்?

எண்ணினேன். முந்நூற்று முப்பத்தொரு சொல்.
சுகந்தமாலினி எதை வெட்டுவாள் என்று தெரியும்.
பாராட்டில் முப்பத்தொன்றை நானே வெட்டினேன்.

ஹார்ன் சத்தம்.
செம்பனைக் குலையோடு ஹஷிம் மேடையேறுகிறான்.
பதினெட்டு டன் காட்டுகிறது முள்.
இறக்கிவிட்டு அவன் திரும்பி வந்தால்தான்
வண்டி எவ்வளவு,
பழம் எவ்வளவு.