நரி முகம்

பன்னிரண்டு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டால்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் பெற்றோல் பம்புகளும் மழையும்.
தெற்கு லண்டனில் இந்த ஊருக்கு மிச்சம் என்று பெயர்.
வெள்ளைக்காரர் வாயில் அது வேறு சொல்,
எங்கள் வாயில் மிச்சம்தான்.

கல்லாவுக்குக் கீழே
சிகரெட் கணக்குப் புத்தகத்துக்குப் பின்னால்
ஒரு கொக்கி ஊசி,
பவுண்டுக் கடையில் வாங்கிய செம்மஞ்சள் நூல் இரண்டு உருண்டை,
பழைய தலையணையைக் கிழித்தெடுத்த பஞ்சு.

மாய வளையம் என்கிறாள் காணொளிப் பெண்.
விரலில் ஒரு சுற்று, அதற்குள் ஆறு கண்ணி,
நுனியை இழுத்தால் துவாரம் மறையும்.
அவளுக்கு மறைகிறது.
எனக்கு நான்கு இரவு மறையவில்லை.
ஐந்தாம் இரவு டாக்சிக்காரர் ஒருவர் கண்ணாடியில் தட்ட
பதறி இழுத்தேன், மூடிக்கொண்டது.
நரியின் மூக்கு அங்கேதான் தொடங்கியது.

கண்ணி என்ற சொல்லுக்குப் பின்னால்
வெடி வராமல்
நான் எண்ணுவது இதுதான் முதல் தடவை.

பன்னிரண்டு. பதினெட்டு. இருபத்து நான்கு.
"ஆறாம் பம்ப், முப்பது பவுண்ட்."
எதில் விட்டேன்?
ஆறிலிருந்து தொடங்கினேன்.
பதினோராம் வரிசையில்
நரிக்குக் கழுத்தில் ஒரு புடைப்பு.
அவிழ்க்கலாம், எல்லாம் ஒரே நூல்தானே,
இழுத்தால் தவறு மட்டுமல்ல, நரியே போய்விடும்.
பால் லொறி வந்தது. விட்டுவிட்டேன்.

லொறிக்கார கேரத் உள்ளே எட்டிப் பார்த்து
"நாயா?" என்றான்.
நரி என்றேன்.
தலையைச் சாய்த்தான்.
"காது வைத்தால் சரியாகிவிடும்."
மரியாதைக்குச் சொன்னது.

உண்மையான நரி மூன்றரைக்கு வரும்.
இடம் போனாலென்ன, வலம் போனாலென்ன,
மேலே விழுந்து பிடுங்காவிட்டால் சரி என்பார்கள்.
இது இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை.
நான்காம் பம்ப்புக்குப் பக்கத்தில் நின்று
வாயில் கோழி எலும்போடு என் கையைப் பார்த்தது.
விளக்கொளியில் அதன் நிறம்
ஆறிப்போன பிளேன்டீ.
நான் வாங்கிய நூல் தப்பு.
ஆனால் ஒன்றரை உருண்டை முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை ஆரபிக்கு அறுவை.
நான்கு வயது. வலக்கண் என்னைப் பார்க்கும்,
இடக்கண் மூக்கைப் பார்க்கும்.
தசையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளித் தைப்போம்,
நூல் தானாகக் கரைந்துவிடும் என்றார் மருத்துவர்.
சட்டைப்பைக்குள் என் விரல்
ஊசியைத் தேடியது.

மயக்கம் தெளிந்து அவள் கண் திறக்கையில்
எதிரே என்ன இருக்கவேண்டும் என்று
படிவத்தில் கேள்வி இல்லை.
சும்மா போனவனுக்குக் காசு கொட்டினால்
நரி முகத்தில் விழித்தாயோ என்று கேட்கிற பாஷை என்னுடையது.
அதனால்தான் நரி.
முயல் சுலபம் என்றுதான் காணொளிப் பெண்ணும் சொன்னாள்.

பிளாஸ்டிக் கண் வாங்கவில்லை,
எதையும் வாயில் வைக்கிற பிள்ளை.
புதன் இரவு கறுப்பு நூலால் தைத்தேன்.
இடக்கண் ஒரு கண்ணி உள்ளே போய்விட்டது.
மூக்கைப் பார்த்தது.
கத்தரிக்கோலை எடுத்தேன்.
திரும்ப வைத்தேன்.

விழித்தாள்.
வெள்ளையெல்லாம் சிவப்பு, இமையில் பிசின்.
முகத்துக்கு நேரே நரியைப் பிடித்தேன்.
"பூனை" என்றாள்.
பிறகு அதன் மேலேயே வாந்தி எடுத்தாள்.

இரண்டு தரம் அலசினேன்.
ஒரு பக்கம் பஞ்சு கட்டியாகிவிட்டது.
வால் மட்டும் காய மறுக்கிறது.

இப்போது தூங்குகிறாள்.
அவள் கை பிடித்திருப்பது காதை அல்ல,
நான் மூன்று இரவு செலவழித்த வாலும் அல்ல.
கழுத்துப் புடைப்பை.
ஆறாம் பம்ப், முப்பது பவுண்ட்.