மூட்டம்

முதல் சுருள் ருஸ்தாவியில் எடுத்தது.
மருத்துவம் படிக்கப் போன ஊரிலிருந்து மினிபஸ்ஸில் அரைமணி.
உருக்காலையில் பாதிப் புகைபோக்கி ஓய்ந்த நகரம்.
ஒன்பதாம் மாடி ஜன்னலிலிருந்து எதிர்க்கம்பத்துக்கு
கப்பி போட்டு இழுத்த கொடியில்
யாருடைய பைஜாமாவோ
நடுவானத்தில் நின்றுகொண்டிருந்தது.
கேமரா செனித். பாலத்தோரம்
பழைய மெடல்களோடு பரப்பி வைத்திருந்தார்கள்.
ஷட்டர் விழுந்தால்
பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார்.

படிப்பு முடியவில்லை. கேமரா கூட வந்தது.

ஊட்டி, ஃபிலிம் ஆலையின் பூட்டிய கேட்.
சர்க்கார் கட்டினால் எங்கும்
அதே சதுர ஜன்னல், அதே வெளிர்பச்சை,
குவார்ட்டர்ஸ் சுவரில் அதே பெரிய எண்கள்.
கற்பூர மரம் மட்டும் அங்கே இல்லை.

மரியபுஷ்பம், கோட்டிங் பிரிவு, பத்தொன்பது வருஷம்.
"வெளிச்சம் பட்டா சரக்கு போச்சு.
இருட்டுல இருமலை வெச்சுத்தான் ஆளச் சொல்லுவோம்.
மொகத்த கேண்டீன்ல பாக்கறது.
சில பேருக்கு குரலும் மொகமும் சேரவே சேராது."
பீரோவில் புடவைக்கு நடுவிலிருந்து
ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தார்:
2008 வரைதான் ஆயுள்.
"தீபாவளிக்கு ஆளுக்கு ரெண்டு குடுத்தாங்க.
கேமராவுக்கு எங்க போறது?"

அதைப் போட்டுக்கொண்டு திரும்பக் கேட்டுக்குப் போனேன்.
வாட்ச்மேன் போஜன் மஃப்ளரை இறக்கினார்.
"வர்றவங்க பூரா ஒடஞ்ச கண்ணாடியத்தான் எடுக்கறாங்க.
நான் இப்ப கரண்ட் பில் கட்டப் போறேன்,
அத எடுங்களேன்."
போனேன்.
பதினோரு பேர், குரங்குக் குல்லாக்கள்,
டீ குடிக்கப் போனவருக்கு
இடம் பிடித்து நின்ற ஒரு கேரட் மூட்டை.

முப்பத்தாறில் இருபது தேறின.
எல்லாவற்றின் மேலும் சாம்பல்.
"ஃபிலிம் கிழடு, ஃபாக் அடிச்சிருக்கு"
என்றார் கோயம்புத்தூர் லேப்காரர்.
அன்று காலை தொட்டபெட்டாப் பக்கமிருந்து
மூட்டம் இறங்கி
வரிசைக்குள்ளும் வந்து நின்றதைச் சொன்னேன்.
எது பெட்டியிலிருந்து வந்தது, எது மலையிலிருந்து என்று
அவராலும் பிரிக்க முடியவில்லை.

மரியபுஷ்பம் படத்தை
டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார்.
கிட்டே. எட்ட. மறுபடி கிட்டே.
"இந்த மூணாவது ஆளு
நம்ம ஷிஃப்ட்டு மாதிரி இருக்கு."
யார் என்று கேட்டேன்.
"இருமச் சொல்லுங்க, சொல்றேன்."